நிற்பதற்கு ஓர் இடம்: ‘ஸ்டேட்டஸ்’ என்ற சொல்லின் சமூக வரலாறு

உயர்தர வகுப்பு மாணவனொருவன் அண்மையில் எம்மிடம் ஒரு வினாவை எழுப்பினான். ‘ஸ்டேட்டஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி ‘நிலை’ என்று பொருள் கூறுகிறது. வீட்டிலுள்ள பெரியவர்கள் ‘அந்தஸ்து’ என்கின்றனர். அரசாங்கப் படிவமோ ‘சிவில் ஸ்டேட்டஸ்’ என்று கேட்டு, மணமானவரா மணமாகாதவரா என்று எழுதச் சொல்கிறது. கைத்தொலைபேசியில் நாள்தோறும் மாற்றிக்கொள்ளும் படத்துக்கும் அதுவே பெயர். இவற்றுள் எது சரி என்பதே அவன் கேள்வி.

நான்கும் சரியென்று சொல்லி அவனை அனுப்பிவிடுதல் எமக்கு எளிதாயிருந்தது. ஆயினும், அந்த விடை எமக்கே நிறைவளிக்கவில்லை. ஒரு சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்கிறதெனின், அப்பொருள்களை அதன்மேல் ஏற்றிய மனிதர்கள் யார், எக்காலத்தில், எத்தேவை பற்றி ஏற்றினர் என்று கேட்பதன்றோ வரலாற்று நோக்கு? சொல் ஆராய்ச்சியை வேர்ச்சொற் காட்சியோடு முடித்துக்கொள்வோர் பலர். வேரைக் காட்டினால் மரத்தின் கதை முடிந்துவிடாது. அம்மரத்தின் நிழலில் இருந்தவர் யார், வெயிலில் நின்றவர் யார் என்பதையும் நாம் அறிதல் வேண்டும்.

முதலில் வேரையே நோக்குவோம். இலத்தீன் மொழியில் ‘ஸ்தாரே’ என்ற வினைக்கு நிற்றல் என்பது பொருள். அதனடியாகப் பிறந்த பெயர் ‘ஸ்ததுஸ்’; நிற்கும் விதம், நின்ற நிலை என்பன அதன் முதற்பொருள்கள். வடமொழியின் ‘ஸ்தா’, ஆங்கிலத்தின் ‘ஸ்டாண்ட்’ ஆகியனவும் இதனோடு ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து கிளைத்தவையே. நாம் வழங்கும் ஸ்தானம், ஸ்தாபனம் என்னும் சொற்கள் வடமொழி வழியாக வந்த இக்குடும்பத்தினவாம். ஆங்கிலத்தில் இக்குடும்பம் மிகப் பெரியது. அரசைக் குறிக்கும் ‘ஸ்டேட்’, நிலச்சொத்தைக் குறிக்கும் ‘எஸ்டேட்’, சட்டத்தைக் குறிக்கும் ‘ஸ்டாட்டியூட்’, புள்ளிவிபரத்தைக் குறிக்கும் ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’, சிலையைக் குறிக்கும் ‘ஸ்டாச்சூ’ ஆகிய யாவும் ‘நில்’ என்ற ஒரே கருத்தின் மக்கள். அரசு, நிலம், சட்டம், கணக்கு, சிலை என்ற இவ்வரிசையை ஒருமுறை நிதானித்துப் பார்த்தால், நிற்றல் என்ற எளிய உடற்செயல் எவ்வாறு அதிகாரத்தின் மொழியாயிற்று என்பது ஓரளவு புலனாகும்.

இச்சொல்லுக்குக் கூரிய சட்டப்பொருளைக் கொடுத்தவர் உரோமர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காயுஸ் என்ற சட்ட அறிஞர், மாணவர்களுக்கென எழுதிய பாடநூலில், ஆட்களைப் பற்றிய சட்டத்தின் தலையாய பாகுபாடு சுதந்திரர், அடிமைகள் என்பதே என வகுத்தார். உரோமச் சட்டத்தின்முன் ஒருவன் எங்கே நிற்கிறான் என்பதை மூன்று வினாக்கள் தீர்மானித்தன. அவன் சுதந்திரனா? உரோமக் குடிமகனா? குடும்பத்தில் அவன் தலைவனா, பிறர் அதிகாரத்துக்கு உட்பட்டவனா? முதல் நிலையை இழந்தவன் எல்லாவற்றையும் இழந்தான். இவ்விழப்புகளை உரோமர் ‘தலை குறைதல்’ என்ற பொருள்படும் தொடராற் குறித்தனர். உடலில் தலை இருக்க, சட்டத்தின் முன்னே தலையில்லாதவனாய் ஒருவன் ஆகலாம்!

அடிமையின் திருமணத்தைச் சட்டம் திருமணமென ஏற்கவில்லை. அடிமைத்தாயின் குழந்தை அடிமையாகவே பிறந்தது. வேளாண்மை பற்றி எழுதிய வார்ரோ, பண்ணைக் கருவிகளைப் பேசுபவை, அரைகுறையாக ஒலியெழுப்புபவை, பேசாதவை எனப் பகுத்துக் கூறும் வழக்கத்தைப் பதிவுசெய்திருக்கிறார். பேசுபவை அடிமைகள், ஒலியெழுப்புபவை மாடுகள், பேசாதவை வண்டிகள். நிலை என்ற சொல்லின் சட்டப்பொருள் பிறந்த இடம் இதுவே. உழைப்பவனை மனிதர் வரிசையிலிருந்து நீக்கிக் கருவிகளின் வரிசையில் நிறுத்தும் தேவை அங்கு இருந்தது. அத்தேவைக்குத் துல்லியமான ஒரு சொல்லும் வேண்டியிருந்தது.

கி.பி. 212இல் பேரரசன் கரகல்லா, பேரரசின் சுதந்திர மக்களில் மிகப் பெரும்பாலாருக்கும் குடியுரிமை வழங்கினான். நிலைப் பாகுபாடு இதனோடு தளர்ந்திருக்க வேண்டுமென நாம் எண்ணலாம். நடந்ததோ வேறு. 2ஆம் நூற்றாண்டிலேயே தலைகாட்டிய வேறொரு பாகுபாடு இக்காலத்தில் வலுப்பெற்றது. மேன்மக்கள், கீழ்மக்கள் என்பதே அது. ஒரே குற்றத்துக்கு மேன்மகன் நாடுகடத்தப்பட்டான். கீழ்மகன் சுரங்கத்துக்கோ சிலுவைக்கோ அனுப்பப்பட்டான். குடிமகன் என்ற சொல் பலருக்கும் உரியதானபோது, குடிமக்களுக்குள்ளேயே புதிய கோடொன்று கிழிக்கப்பட்டது. 332இல் கொன்ஸ்தந்தீன் பிறப்பித்த சட்டமொன்று, நிலத்தை விட்டு ஓடிய குடியானவரைத் திருப்பி அனுப்புமாறும், ஓட எண்ணுபவரை அடிமைபோல் விலங்கிடுமாறும் விதித்தது. அவர்கள் பெயரளவிற் சுதந்திரர். ஆனால் அவர்கள் நிற்க வேண்டிய இடம் நிலவுடைமையாளனின் வயலே. அடிமைச் சமுதாயத்தினின்று நிலமானியச் சமுதாயத்துக்குச் செல்லும் பாதை இங்கே தெளிவாகத் தொடங்குகிறது.

நிலமானிய ஐரோப்பாவில் ‘ஸ்ததுஸ்’ என்ற இலத்தீன் சொல், பிரெஞ்சு மொழியில் ‘எத்தா’ எனவும், ஆங்கிலத்தில் ‘எஸ்டேட்’ எனவும் உருமாறியது. ஜேர்மனியர் அதே கருத்தைத் தம் மொழியின் ‘ஷ்டாண்ட்’ என்ற சொல்லாற் குறித்தனர். சமுதாயம் தொழுவோர், போரிடுவோர், உழைப்போர் என மூன்று நிலைகளாக இறைவனால் அமைக்கப்பட்டது என்ற கொள்கையை 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லயோன் நகர ஆயர் அடல்பெரோ போன்றோர் எடுத்துரைத்தனர். தொழுவோரும் போரிடுவோரும் உண்டது உழைப்போர் விளைத்ததையே. எனினும் இக்கொள்கையில் உழைப்போரின் இடம் மூன்றாவது.

நிலை என்பது உடுக்கும் துணியிலும் தெரிய வேண்டும் என்பது அக்கால ஆளுவோரின் விருப்பம். 1348–49இல் இங்கிலாந்தைத் தாக்கிய கொள்ளைநோயால் மக்கள்தொகை பெரிதும் குறைய, எஞ்சிய உழைப்பாளர் கூடிய கூலி கேட்கலாயினர். நிலப்பிரபுக்களின் பாராளுமன்றம் 1351இல் சட்டமியற்றிக் கூலியை நோய்க்கு முந்திய அளவில் நிறுத்த முயன்றது. 1363இல், உழவரும் இடையரும் முரட்டுக் கம்பளித் துணியன்றி வேறு உடுத்தலாகாதென மற்றொரு சட்டம் பிறந்தது. பிந்திய சட்டம் நடைமுறையில் நிலைக்கவில்லை, விரைவில் நீக்கப்பட்டது. முந்திய சட்டத்தின் கசப்போ 1381இன் உழவர் எழுச்சிக்கு ஊட்டமளித்த காரணங்களுள் ஒன்றாயிற்று. எவன் எங்கே நிற்க வேண்டுமென்று சட்டமெழுத வேண்டிய தேவை எப்போது ஏற்படுகிறது? அவன் அங்கே நிற்க மறுக்கத் தொடங்கும்போது ஏற்படுகிறது.

இக்காலத்திலேயே ‘எஸ்டேட்’ என்ற சொல் மனிதனை விட்டு மண்ணுக்குத் தாவியது. நிலமானிய அமைப்பில் ஒருவனுடைய நிலை அவனிடமுள்ள நிலத்தைப் பொறுத்ததாகலின், நிலையைக் குறித்த சொல் நிலத்தையே குறிக்கலாயிற்று. 1430ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கிலாந்தின் மாவட்டத் தொகுதிகளில் ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் நிலம் உடையவனுக்கே வாக்குரிமை. நானூறு ஆண்டுகள் கழித்து, 1832இன் சீர்திருத்தச் சட்டமே இவ்வமைப்பிற் பெருமாற்றத்தைக் கொணர்ந்தது. அப்போதுங்கூட, சொத்தற்ற தொழிலாளி வெளியேதான் நின்றான்.

இத்தாலியில் அதே சொல் வேறு திசையிற் சென்றது. மாக்கியவல்லி 1513இல் எழுதிய ‘இளவரசன்’ என்ற நூலில் ‘ஸ்தாத்தோ’ என்பது பல இடங்களில் ஆள்பவனுடைய நிலையையும் அதிகாரத்தையும் குறிக்கிறது. காலப்போக்கில் அதுவே ஆள்பவனினின்றும் பிரிந்து நிற்கும் அரசைக் குறிக்கும் சொல்லாயிற்று. அரசு என்பது எல்லோருக்கும் பொதுவான, யாருக்கும் சாராத அமைப்பு என்று பாடநூல்கள் சொல்லும்போது, அச்சொல் யாருடைய ‘நிலை’யாக இருந்து வளர்ந்தது என்பதை நாம் நினைவுகொள்ளல் நன்று. 18ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியப் பேராசிரியர் அகென்வால் போன்றோர், அரசின் வலிமையை விபரிக்கும் கல்வித்துறைக்கு ‘ஷ்டாட்டிஸ்டிக்’ என்ற பெயரை வழக்காக்கினர். குடிகளை எண்ணும் கலையும் அரசின் பெயராலேயே பிறந்தது.

இனி 1789க்கு வருவோம். 1614க்குப் பின் கூட்டப்படாதிருந்த பிரான்சின் மூன்று நிலைகளின் பேரவை அவ்வாண்டு மே 5ஆம் நாள் வெர்சாயில் கூடிற்று. 1614இல் மூன்றாம் நிலையினரின் பேச்சாளர் மன்னன்முன் முழந்தாளிட்டே பேசினார். நிற்றலைக் குறிக்கும் சொல்லாற் பெயர்பெற்ற மக்களுக்கு நிற்கவும் உரிமையில்லை! 1789இலும் குருமார் தம் பட்டாடையிலும் பிரபுக்கள் இறகு சூடிய தொப்பிகளிலும் வர, மூன்றாம் நிலையினர் எளிய கறுப்புடையில் வருமாறு பணிக்கப்பட்டனர். நாட்டு மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோரின் பிரதிநிதிகள் அவர்கள். ஆயினும் நிலைக்கொரு வாக்கு என்ற பழைய முறைப்படி, சிறுபான்மையினரான இரு நிலைகளும் சேர்ந்தால் அவர்களை என்றும் தோற்கடிக்கலாம்.

அவ்வாண்டு சனவரியிற் சியேஸ் என்ற குருவானவர் வெளியிட்ட ‘மூன்றாம் நிலை என்பது யாது?’ என்ற சிறுநூல், மூன்றாம் நிலையே முழுத் தேசமும் என வாதித்தது. யூன் 17இல் மூன்றாம் நிலையினர் தம்மைத் தேசிய சபையெனப் பிரகடனஞ் செய்தனர். யூன் 20இல், மண்டபக் கதவுகள் பூட்டப்பட்டிருக்கக் கண்டு, அருகிலிருந்த பந்தாட்டக் கூடத்தில் ஒன்றுகூடி, அரசியலமைப்பை ஆக்காமற் கலைவதில்லையென உறுதிபூண்டனர். யூன் 23இல் மன்னர் கலைந்து செல்லுமாறு கட்டளையிட்டபோது, அவர்கள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. முழந்தாளிட்டவர்கள் எழுந்து நின்றதும், பின்னர் மன்னன் எழச் சொன்னபோது எழ மறுத்ததும் ஆகிய இச்செய்கைகளில் ஒரு யுகத்தின் முடிவைக் காண்கிறோம். ஓகஸ்ட் 4ஆம் நாள் இரவு நிலமானிய உரிமைகள் ஒழிக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. ஓகஸ்ட் 26இல் மனித உரிமைப் பிரகடனம் ஏற்கப்பட்டது.

எனினும் வரலாறு அங்கே முற்றுப்பெறவில்லை. அதே சபை அவ்வாண்டு டிசெம்பரிற் குடிமக்களைச் செயற்படுவோர், செயற்படாதோர் எனப் பிரித்தது. மூன்று நாட் கூலிக்குச் சமமான நேர்வரி செலுத்த இயலாதவனுக்கு வாக்கில்லை. பெண்ணுக்கு எவ்வகையிலும் வாக்கில்லை. கரிபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைமுறை தொடர்ந்தது. சாந்தொமிங்குத் தீவின் அடிமைகள் 1791இல் கிளர்ந்தெழுந்த பின்னரே, 1794இல் பாரிஸ் சபை அதனை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதை மீளக் கொணர்ந்தான். பிறப்பின் நிலையை உடைத்த முதலாளி வர்க்கம், பணத்தின் நிலையை அதனிடத்தில் நிறுத்திற்று. கரகல்லாவின் காலத்து உரோமில் நாம் கண்டதும் இத்தகையதோர் இடமாற்றமே அல்லவா?

‘ஸ்டேட்டஸ்’ என்ற இலத்தீன் வடிவம் ஆங்கிலத்தில் வழக்கிற்கு வந்தது 17ஆம் நூற்றாண்டிலேயே. அதன்பின் அது சட்டத்தார் சொல்லாகி, 19ஆம் நூற்றாண்டிற் சமூக மதிப்பையும் குறிக்கலாயிற்று. 1861இல் ஹென்றி மேய்ன் என்ற ஆங்கிலச் சட்ட அறிஞர் ‘பண்டைச் சட்டம்’ என்ற நூலை வெளியிட்டார். முற்போக்கான சமுதாயங்களின் இயக்கம், பிறப்பால் அமையும் நிலையிலிருந்து மனிதர் தாமே செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை நோக்கியதாகவே இதுவரை இருந்துவந்துள்ளது என்பது அவர் முடிபு. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவர் இதை எழுதிய நாளில், இங்கிலாந்தில் ஒப்பந்தத்தை மீறிய முதலாளி நட்டஈடு கொடுத்தாற் போதும்; மீறிய தொழிலாளி சிறை செல்ல நேர்ந்தது. 1875 வரை அதுவே சட்டம். இருவர் கையொப்பமிட்ட ஒரே தாளில் ஒருவனுக்குப் பணமும் மற்றவனுக்கு விலங்கும் எழுதப்பட்டிருப்பின், அதை ஒப்பந்தமென்பதா, பழைய நிலையின் புதிய உடையென்பதா?

மார்க்சும் ஏங்கெல்சும் இதனை முன்னரே கண்டிருந்தனர். 1848இல் வெளிவந்த கம்யூனிஸ்ட் அறிக்கையின் புகழ்பெற்ற ஒரு பகுதியில், முதலாளித்துவத்தின் வெப்பத்திற் பழையன ஆவியாகிப் போவது பேசப்படுகிறது. ஜேர்மன் மூலத்தில் அவ்விடத்தில் ‘ஷ்டாண்ட்’ என்ற சொல்லின் அடியாகப் பிறந்த சொல்லும், நிற்பதைக் குறிக்கும் சொல்லும் அருகருகே அமைந்துள்ளன. பிறப்பு நிலைகளைச் சார்ந்தன யாவும், நிலைத்து நின்றன யாவும் என்பது கருத்து. 1888இல் வெளியான சாமுவேல் மூரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் இவை ‘திடமானவை’ என்று சுருங்கின. ஆங்கிலத்தின் வழியே அந்நூலைக் கற்ற எம்போன்றோர் அதை ஓர் அழகிய உவமையாக மட்டுமே கண்டோம். உள்ளே இருந்த சமூக வரலாறு எம் கண்ணிற் படவில்லை.

மாக்ஸ் வெபர், தம் மறைவுக்குப்பின் 1922இல் நூலாக வந்த எழுத்துக்களில், பொருளாதாரத்தால் அமையும் வர்க்கத்தையும், மதிப்பால் அமையும் ‘ஷ்டாண்ட்’ என்பதையும் வேறுபடுத்திக் காட்டினார். சாதியை ஆராய்வோருக்கு இப்பாகுபாடு பயன்படக் கூடியதே. பணம் வந்த பின்னரும் கிணற்றில் நீரள்ளவும் கோயிலினுள் நுழையவும் தடுக்கப்பட்டோர் எம்மிடையே இருந்தனர் என்பதை யார் மறுப்பர்? ஆனால் அமெரிக்க சமூகவியலார் பலர் கையில் ‘ஸ்டேட்டஸ்’ என்பது வர்க்கத்தோடு சேர்த்து எண்ண வேண்டிய கருத்தாக அன்றி, வர்க்கத்தை மறக்கச் செய்யும் கருத்தாக மாறிற்று. யாரை யார் எவ்வளவு மதிக்கின்றனர் என்று வினாக்கொத்து தயாரித்தனர். யாருடைய உழைப்பை யார் உண்கின்றனர் என்ற வினா அதில் இடம்பெறவில்லை. 1959இல் வான்ஸ் பக்கார்ட் எழுதிய நூலொன்று, வீடும் காரும் வாங்கி மதிப்புத் தேடுவோரைப் படம்பிடித்து அமெரிக்காவெங்கும் விற்பனையாயிற்று. சட்டத்தின் கொடுஞ்சொல்லாயிருந்த ஒன்று இவ்வாறு கடைத்தெருவின் ஆசைச்சொல்லாயிற்று.

இச்சொற்குடும்பத்தின் நான்கு பிள்ளைகள் எமது நாட்டில் ஓரிடத்திற் சந்தித்ததையும் இங்கே சொல்லுதல் வேண்டும். மலையகத்துக் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு ஆங்கிலத் துரைமார் இட்ட பெயர் ‘எஸ்டேட்’. அங்கு உழைத்தோரின் ஒப்பந்தத்தை 1865இன் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காத்தது. வேலையை விட்டு நீங்கியவனுக்கு அது சிறையைக் காட்டிற்று. கங்காணியின் கடன்தொகை எழுதிய ‘துண்டு’ இன்றி ஒருவர் மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல முடியாதிருந்தது; அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. பின்னர் 1948இன் குடியுரிமைச் சட்டமும், 1949இன் சட்டங்களும் அம்மக்களுட் பெரும்பாலாரைக் குடியுரிமையும் வாக்குரிமையும் அற்றவராக்கின. 1964 ஒக்டோபரில் இரு பிரதமர்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தம், நாடற்றோர் தொகை 975,000 எனக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என வகுத்தது. எஞ்சிய 150,000 பேரைப் பாதிபாதியாகப் பங்கிடும் முடிவு 1974இல் எட்டப்பட்டது. இறுதியாக 2003இன் சட்டமே எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கிற்று. சுருங்கச் சொன்னால், ‘எஸ்டேட்’டில் உழைத்தவருக்கு ‘ஸ்டேட்’ இல்லை. ஆகவே சட்டத்தின்முன் ‘ஸ்டேட்டஸ்’ இல்லை. அவர்கள் பெயர் ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ என்ற கணக்கேட்டில் மட்டும் தவறாமல் இருந்தது. ஒரே வேரில் முளைத்த சொற்களை வைத்து, ஒரு மக்கட்கூட்டத்தை நிற்க இடமின்றிச் செய்ய முடிந்திருக்கிறது.

எமது மொழியிலும் ‘நில்’ என்ற வினையிலிருந்து நிலை, நிலைமை, நிலையம் என்பன பிறந்துள்ளன. தமிழ் இலத்தீனோடு இனமுறை உடையதன்று. ஆயினும் இரு மொழியினரும் சமூகத்தில் ஒருவனுடைய இடத்தை நிற்றலாலேயே சிந்தித்தனர். இதிலும் ஒரு முரண் உண்டு. நிலை பெரிதுடையவர் உண்மையில் நிற்பதில்லை, அவர் இருக்கிறார். நிலையற்றவனே கைகட்டி நிற்கிறான். எம் பாடசாலைகளிலும் ஒரு காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் இருக்கும் உரிமை மறுக்கப்பட்டுத் தரையில் அமர்த்தப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் சமாசனத்துக்கான போராட்டம் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் எத்துணை எதிர்ப்புக்கிடையே நடந்தது என்பதை இன்று அதே வாங்குகளில் அமர்ந்திருக்கும் மாணவர்கள் அறியார். அறிவித்தல் ஆசிரியரின் கடன்.

‘ஸ்டேட்டஸ் குவோ’ என்ற தொடரும் இவ்வினத்ததே. போருக்கு முன் இருந்த நிலைமைக்கு மீளுதல் என உடன்படிக்கைகளில் எழுதப்பட்ட இலத்தீனினின்று வந்த இத்தொடர், இன்று உள்ளது உள்ளபடியே நிற்கட்டும் என்பாரின் முழக்கமாய்விட்டது. உள்ளது உள்ளபடி நிற்பதில்லை என்பதற்கு, இச்சொல்லின் இரண்டாயிர ஆண்டு வரலாறே சான்று. உரோமின் நிலை வீழ்ந்தது, மூன்று நிலைகள் வீழ்ந்தன, துண்டு கிழிந்தது. இவற்றுள் எதுவும் தானாக வீழ்ந்ததன்று என்பதையும் கண்டோம்.

எம் மாணவனுக்கு மறுநாள் நாம் இவ்வாறு விடை கூறினோம்: ‘ஸ்டேட்டஸ்’ என்பதன் பொருள் நிற்கும் இடம். அதை எங்கேனும் காணும்போது, அவ்விடத்தை ஒதுக்கியவர் யார் என்றும், அதற்காக இடம்பெயர்க்கப்பட்டவர் யார் என்றும் கேள். அவன் சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் அகராதியில் இருப்பது பாதிப் பொருள்தானா, சேர்?” என்றான். ஆம் என்றோம். மறுபாதியை எழுதும் பொறுப்பு அவன் தலைமுறைக்கும் உரியதாகும்.